அறிக்கையில் சத்து இருக்கிறது, செடி ஏன் வளரவில்லை?

நீங்கள் கேட்டது இது: மண் பரிசோதனை அறிக்கையில் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் போதுமான அளவு என்று வந்திருக்கிறது. ஆனாலும் தண்ணீர் விட்டால் மேலேயே நிற்கிறது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது, நட்ட செடி நட்டபடியே நிற்கிறது. களிமண்ணில் மணல் கலந்தால் சரியாகுமா? மண் அடிப்படையில் எப்படித்தான் வேலை செய்கிறது? இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. எல்லாம் இருந்தும் ஏன் விளங்கவில்லை என்பதுதான் நீங்கள் கேட்பது. மண்ணியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மண்ணை இடித்துச் சலித்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த இடிப்பதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பையில் போட்டு அனுப்பிய மண்ணை நாங்கள் முதலில் நிழலில் உலர்த்துவோம். அப்புறம் கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலிப்போம். சல்லடைக்குக் கீழே விழுந்த தூளில்தான் எல்லா அளவீடும் நடக்கும். சத்தை அளக்க அது சரியான முறைதான். ஆனால் உங்கள் நிலத்தில் அந்த மண் எப்படி அடுக்கப்பட்டிருந்தது, எங்கே இடைவெளி இருந்தது, எங்கே இறுகியிருந்தது என்ற செய்தி முழுவதும் அந்தச் சல்லடையோடு போய்விடுகிறது. ஒருமுறை ஒரே நிலத்திலிருந்து இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று வேலியோரப் புல்தரையின் மண், மற்றது உழவில் இருந்த நடுப்பகுதி மண். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றே. நேரில் போய்த் தோண்டிப் பார்த்தால் வேலியோர மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது, நடுவில் இருந்தது மண்வெட்டியைத் திருப்பி அனுப்பியது. சத்து இரண்டிலும் இருந்தது. வேர் போக வழி ஒன்றில்தான் இருந்தது.

நல்ல நிலையில் உள்ள மேல்மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதிதான் திடப்பொருள். பாடப்புத்தகக் கணக்கில் 45 சதவீதம் கனிமத் துகள், 5 சதவீதம் கரிமப் பொருள். மீதிப் பாதியில் தண்ணீரும் காற்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இது ஒரு மாதிரிக் கணக்குதான், எல்லா மண்ணும் இப்படி இருக்காது. பல மண்ணில் கரிமப் பொருள் 1 அல்லது 2 சதவீதத்தைத் தாண்டாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தக் காலிப் பாதியை. வேர் ஓடுவதும் நீர் இறங்குவதும் மண்புழு நடமாடுவதும் நுண்ணுயிர் மூச்சுவிடுவதும் அங்கேதான். நாம் மண் என்று கையில் அள்ளிப் பார்ப்பது சுவரை. குடியிருப்பு நடப்பது அறைக்குள்ளே.

சுவர் எதனால் ஆனது என்பது எளிது. 2 மி.மீ.யிலிருந்து 0.05 மி.மீ. வரை உள்ள துகள் மணல். அதற்குக் கீழே 0.002 மி.மீ. வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. (மணலுக்கும் வண்டலுக்கும் நடுவே கோட்டை 0.02 மி.மீ.யில் போடும் முறையும் உண்டு, அதனால் இரண்டு கூடங்களின் அறிக்கை ஒத்துவராவிட்டால் பதற வேண்டாம்.) இந்த மூன்றின் விகிதத்தைத்தான் மண்ணின் நயம் என்கிறோம். மணலும் வண்டலும் பெரும்பாலும் பாறையின் பொடி. களி அப்படியல்ல. பாறைக் கனிமங்கள் நீரில் சிதைந்து, கரைந்து, புதிதாகப் படிகமான தட்டுகள் அவை. தட்டையாக, மிக மெல்லியதாக இருப்பதால் மேற்பரப்பு வியக்கவைக்கும். தண்ணீர் பட்டால் வீங்கும் ஸ்மெக்டைட் வகைக் களி ஒரே ஒரு கிராமை எடுத்துத் தட்டுகளை எல்லாம் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். கயோலினைட் வகையில் அதே ஒரு கிராம் 10, 20 சதுர மீட்டர்தான். ஆகவே ‘களிமண்’ என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறு குணமுள்ள மண்கள் இருக்கின்றன. காய்ந்தால் பாளமாக வெடிக்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது உப்பிச் சுருங்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது பலரையும் ஏமாற்றும் ஒரு விஷயம். மணலில் இடைவெளி அதிகம், களியில் குறைவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. மொத்த இடைவெளியைக் கூட்டிப் பார்த்தால் களிமண்ணில்தான் அதிகம். வேறுபாடு துளையின் அளவில். சுமார் 0.03 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள துளையிலிருந்து தண்ணீர் தன் எடையாலேயே வடிந்துவிடும், அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அதைவிடச் சிறிய துளை தண்ணீரைப் பிடித்துவைக்கும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும். 0.0002 மி.மீ.க்கும் குறைந்த துளையில் இருக்கும் தண்ணீரை வேர் எவ்வளவு இழுத்தாலும் வாங்க முடியாது. களிமண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். மணல் தண்ணீரைத் தக்கவைக்காது, களி தக்கவைத்ததில் பெரும்பங்கைக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே வண்டல் கலந்த நயம்தான் செடிக்கு அதிகத் தண்ணீரைக் கையில் கொடுக்கிறது.

சரி, அப்படியானால் களியோடு மணலைக் கலந்தால் நடுநயம் வந்துவிடாதா என்பது உங்கள் கேள்வி. காகிதத்தில் வரும். நிலத்தில் என்ன நடக்கிறது என்றால், கொஞ்சம் மணல் போடும்போது ஒவ்வொரு மணலும் களிக்குள் தனித்தனியாகப் புதைந்துவிடுகிறது. மணலுக்கும் மணலுக்கும் நடுவே துளை உருவாகவேண்டுமானால் அவை ஒன்றையொன்று தொடவேண்டும். அதற்கு மொத்தக் கலவையில் பாதிக்கு மேல் மணலாக இருக்கவேண்டும். 10 சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 2 கன மீட்டர் மண். அதற்குச் சமமாக மணல் என்றால் ஏறத்தாழ 3 டன். அவ்வளவு கொட்டிச் சீராகக் கலக்க முடிந்தால் கலக்குங்கள். நாலைந்து கூடை போடுவதாக இருந்தால் வேண்டாம். இருக்கிற பெரிய துளைகளையும் கிளறிக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

நயத்தை எளிதில் மாற்ற முடியாது, ஆனால் கட்டமைப்பை, அதாவது துகள்கள் சேர்ந்து அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை, மாற்றலாம். இந்தப் பதில் முழுவதிலும் ஒரே ஒன்றை நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும். களித் தட்டுகளின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, அதனால் அவை ஒன்றையொன்று தள்ளும். நடுவே இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் வந்தால் தட்டுகளை நெருங்கிச் சேரவிடும், திரள் திரளாக ஒட்டும். அதே இடத்தில் சோடியம் நிறைய இருந்தால், அதற்கு ஒற்றை மின்னூட்டம்தான், அதோடு தன்னைச் சுற்றித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு நிற்கும். தட்டுகள் விலகி, சேறாகக் கலங்கி, துளைகளை அடைத்துவிடும். களர் மண் மழையில் சகதியாகவும் வெயிலில் ஓடாகவும் இருப்பது இப்படித்தான். திரண்ட நுண்கட்டிகளைச் சேர்த்துக் கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய மணிகளாகக் கட்டுவது வேறு கூட்டம்: மெல்லிய வேர்கள், பூஞ்சை இழைகள், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை. நல்ல மேல்மண் கேப்பை போலவும் மிளகு போலவும் உருண்டையாக உதிர்வது அவற்றின் கைவேலை. களிமண் முழுக்க இப்படி மணிமணியாகக் கட்டியிருந்தால், மணிக்குள்ளே தண்ணீரும் மணிகளுக்கு இடையே காற்றுமாக, மணல் கலக்காமலே மணலின் வடிகால் கிடைத்துவிடும்.

பிடிப்பது நுண்ணுயிர்ப் பசையும் இழையும் என்றால், அது அழியவும் செய்யும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பசையையும் இன்னொரு நுண்ணுயிர் தின்னும். அதனால் ஒருமுறை மண்ணைச் சரிசெய்து வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. கட்டுவதும் கரைவதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும், எந்தக் கை ஓங்குகிறது என்பதுதான் கணக்கு. திரும்பத் திரும்ப உழுவது பெரிய மணிகளை உடைக்கும். வெற்று மண்ணில் விழும் மழைத்துளி மேல்மணிகளைச் சிதறடித்து மெல்லிய பொருக்காக்கும். எல்லாவற்றிலும் மோசம் ஈரமண்ணில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும். மிதித்தால் முதலில் மூடுவது பெரிய துளைகள்தான். ஒரு கன செ.மீ. மண் உலர்ந்த நிலையில் 1.33 கிராம் இருந்தால் அதில் பாதி இடைவெளி என்று அர்த்தம், ஏனென்றால் கனிமத் துகளின் அடர்த்தி 2.65. அதுவே 1.6 ஆகிவிட்டால் இடைவெளி 40 சதவீதம். பத்து சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் போன பத்தும் காற்றோட்டத்துக்கான பத்து. களிமண்ணில் 1.4, 1.5ஐத் தாண்டும்போதே வேர் தடுமாற ஆரம்பிக்கும்.

இங்கேதான் உங்கள் அறிக்கைக்கும் செடிக்கும் உள்ள முரண் புரியும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துளையெல்லாம் நீரால் நிரம்பினால் வேருக்கு மூச்சு முட்டும். சத்தை உள்ளே இழுக்க ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்தபின் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்து அதை வைத்து மூச்சுவிடும், தழைச்சத்து வாயுவாகிப் பறந்துபோகும். மணிச்சத்தின் கதை வேறு. பாஸ்பேட் மண்ணில் நகர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். வேர் அதைத் தேடிப்போக வேண்டும். வேரும் பூஞ்சை இழையும் எட்டாத கட்டியின் நடுவில் கிடக்கும் மணிச்சத்தை, நாங்கள் கூடத்தில் இடித்து எடுத்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அறிக்கை பொய் சொல்லவில்லை. சேமிப்பில் எவ்வளவு என்று சொன்னது, எடுக்க வழி உண்டா என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

வேதியியலில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, கார அமில நிலை (pH). 6க்கும் 7க்கும் நடுவே இருந்தால் பெரும்பாலான சத்துகள் கிடைக்கும். 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், 7.5க்கு மேலே இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் கட்டுண்டு போகும். இது மடக்கை அளவு என்பதால் 5 என்பது 6ஐவிடப் பத்து மடங்கு அமிலம். இரண்டாவது, நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன். களியும் மட்கும் (மண்ணில் மக்கிப்போன கரிமப் பொருள்) எதிர்மின்னூட்டத்தால் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, பிடிபடாது, மழையோடு இறங்கிவிடும். ஆகவே தழைச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது.

உயிர்களைப் பற்றி ஒரு நடைமுறைக் கணக்கு மட்டும். மக்காத மரத்தூளையோ வைக்கோலையோ மண்ணுக்குள் புதைத்தீர்களா என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது. ஒரு நைட்ரஜனுக்கு 24, 25 பங்கு கரிமம் (கார்பன்) என்பது நுண்ணுயிர்களுக்கு ஒத்துப்போகும் விகிதம். வைக்கோலில் அது 80 அளவில் இருக்கும், மரத்தூளில் சில நூறு. குறைகிற நைட்ரஜனை மண்ணிலிருந்தே அவை பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளாகும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அவை செத்து மக்கும்போது திருப்பிக் கொடுக்கும், அதுவரை செடி பொறுக்க வேண்டும். அதே பொருளை மேலே மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை மேல்பரப்போடு நின்றுவிடும், மழைத்துளி அடியிலிருந்தும் மண் தப்பிக்கும். 1881இல் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தம் கடைசி நூலில் எழுதியபோது பலருக்கும் அது சின்ன விஷயமாகப் பட்டிருக்கும். மேலே கிடக்கும் இலையை இழுத்துக்கொண்டுபோய்க் கீழே மண்ணோடு கலக்கும் அந்த வேலையை நம் மண்வெட்டியைவிடப் புழு நன்றாகவே செய்கிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் உறுதியானது, பலமுறை அளந்து பார்த்தது. இனிச் சொல்லப்போவது அவ்வளவு உறுதியல்ல. மட்கு என்றால் என்ன என்பதிலேயே சண்டை நடக்கிறது. நான் படித்தபோது அது மக்கிப்போன பொருள் மறுபடி சேர்ந்து உருவாகும் பெரிய, கருத்த, எளிதில் அழியாத மூலக்கூறு என்று சொல்லிக்கொடுத்தார்கள். காரக் கரைசலில் மண்ணை ஊறவைத்துப் பிரித்தெடுத்ததை வைத்து வந்த முடிவு அது. 2015இல் லேமன், கிளெபர் என்ற இருவர் அந்தப் பிரிப்பு முறையே அப்படிப்பட்ட பொருளை உண்டாக்குகிறது, மண்ணுக்குள் இருப்பது பல நிலைகளில் சிதைந்துகொண்டிருக்கும் சிறு சிறு பொருள்கள்தான் என்று விரிவாக வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மட்கின் பெயரில் ‘ஹியூமிக்’ என்று போட்டு விற்பதை வாங்குமுன் இந்தச் சண்டை நினைவில் இருக்கட்டும். பூஞ்சைகள் சுரப்பதாக 1996இல் பேசப்பட்ட குளோமலின் என்ற பசையும் அப்படித்தான். மண்மணிகள் வலுவாக இருக்கும் இடத்தில் அது அதிகமாக அளக்கப்படுகிறது, ஆனால் அளக்கும் முறை வேறு புரதங்களையும் சேர்த்தே பிடிக்கிறது. உழாமல் விட்டால் மண்ணில் கரிமம் கூடுமா என்பதிலும் மேல்மண்ணில் கூடுகிறது, ஆழத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆதாயம் சுருங்கிவிடுகிறது என்று பல அளவீடுகள் காட்டுகின்றன. அரிப்பு குறையும் என்பதில் சந்தேகமில்லை.

கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் ‘சரியான விகிதம்’ ஒன்று உண்டு, அதைக் கொண்டுவந்தால் மண் தானாக இளகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆல்பிரெக்ட் என்ற அமெரிக்க மண்ணியலாளரின் வழியாகப் பரவிய கருத்து அது. 2007இல் கோபிட்கே, மென்ஸிஸ் என்பவர்கள் அதுவரையான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு தனி விகிதத்துக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். சத்து போதுமான அளவு இருந்தால் விகிதம் அகலமாக மாறலாம். அந்த விகிதத்துக்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

எழுத்தில் படித்ததை வைத்து உங்கள் மண்ணுக்கு மருந்து எழுத என்னால் முடியாது, எழுதினால் நம்பவும் வேண்டாம். ஆனால் நீங்களே இரண்டு சோதனை செய்யலாம். அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வேர் கீழே போகாமல் ஓர் ஆழத்தில் கிடையாகத் திரும்பியிருந்தால் அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. மண் சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த புள்ளிகளோடு இருந்தால் அந்த ஆழத்தில் நாள்கணக்கில் நீர் தேங்கி வடிகிறது. இரும்பு எழுதிவைத்த குறிப்பு அது. அப்படியானால் உரமும் மக்கும் அப்புறம், முதலில் வடிகால்.

இன்னொன்று இன்னும் எளிது. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குவளையில் மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ மெதுவாக இறக்கிவிடுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு விடையை மாற்றிவிடும். குலுக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் கட்டமைப்பு நன்று, சிக்கல் வேறெங்கோ. சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்து, நீர் தெளிவாகவே இருந்தால் பிணைக்கும் கரிமப் பொருள் குறைவு. மூடாக்கு, மக்கு, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வேர் என்று மூன்று நான்கு ஆண்டுகள் போகவேண்டும். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் களி பிரிகிறது, பெரும்பாலும் சோடியம்தான் காரணம். ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு கனிமம்) வேலை செய்வது இந்த மூன்றாவது வகையில்தான், அதுவும் வெளியேறும் சோடியத்தை அடித்துக்கொண்டுபோக வடிகால் இருந்தால். எவ்வளவு போடுவது என்பது பரிமாற்றச் சோடியத்தின், அதாவது களித் தட்டுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின், அளவைப் பொறுத்தது. உங்கள் அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால் கூடத்தில் தனியாகக் கேட்டு அளக்கச் சொல்லுங்கள். குழியில் பார்த்த நிறத்தையும் ஆழத்தையும், குவளையில் நடந்ததையும் அதோடு சேர்த்து இங்கே எழுதினால் மேலே பேசலாம். அதுவரை, ஈரமாக இருக்கும்போது அந்தப் பாத்தியில் மட்டும் கால் வைக்காதீர்கள்.